திராட்சை மாத்திரையும் உத்திரமேரூர்க் கல்வெட்டும்

நோயின்றி நெடுங்காலம் வாழவேண்டும் என்னும் அவா மாந்தர் யாவர்க்கும் இயல்பு. அவ்வவாவை முதலாகக் கொண்டு வாணிகம் புரிவாரும் எக்காலத்தும் உளர். இக்காலத்தில் அன்னார் விற்கும் பண்டங்களுள் ஒன்று, திராட்சையின் தோலினின்றும் விதையினின்றும் எடுத்த சத்து என்று மாத்திரையாக அடைத்துத் தருவது. முதுமையைத் தடுக்கும், இருதயத்தைக் காக்கும் என அதனைப் பலபடப் புகழ்கின்றனர். கைபேசி புகுந்த சிற்றூர்தோறும் இப்புகழுரையும் புகுந்துவிடுகின்றது. ஆகலின் இதனை ஆராய்தல் கற்றார் கடனாம்.

நம் உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் கல்வெட்டை அறியாதார் இலர். பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தகன் காலத்தில், குடவோலை வழியே வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையை அது கூறுகின்றது. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடுதலும் கூடாது என்பது அம்முறையின் ஒரு விதி. திராட்சை மாத்திரைக்கும் அவ்விதியே தக்கது என்பது நம் கருத்து. அதன் கணக்கு யாதெனக் காண்போம்.

இச்சத்துக்களுள் பெயர் பெற்றது ரெஸ்வெரட்ரால். பூசணம் தாக்குங்கால் தன்னைக் காத்துக்கொள்ளத் திராட்சைக்கொடி உண்டாக்கும் பொருள் அது. இஃது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் வாழ்நாளை நீட்டித்ததென 2003-ஆம் ஆண்டிலும், கொழுப்பு மிக்க தீனி தின்ற சுண்டெலிகளை நெடிது வாழச் செய்ததென 2006-ஆம் ஆண்டிலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து டேவிட் சின்க்ளேரும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்டனர். உலகம் வியந்தது. அவ்வழி மருந்து காண எழுந்த கம்பெனியை 2008-இல் கிளாக்சோஸ்மித்கிளைன் 72 கோடி டாலருக்கு வாங்கிற்று. அவ்வாண்டிலேயே, இயல்பான தீனி தின்ற எலிகளுக்கு இதனால் ஆயுள் நீளவில்லை என்பதும் தெரியவந்தது.

எலியின் கணக்கு இது. மனிதர் கணக்கோ இன்னும் மெலிந்தது. விழுங்கிய ரெஸ்வெரட்ராலைக் குடலும் ஈரலும் விரைவில் மாற்றிவிடுதலால், குருதியில் மிகச் சிறிதே எஞ்சுகின்றது. ஒருவகைப் புற்றுநோயாளர்க்கு இதனை மிகுதியாகக் கொடுத்து நடத்திய சோதனை, சிலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றமையால் 2010-இல் நிறுத்தப்பட்டது. டென்மார்க்கில் முதியோர் 27 பேரைக் கொண்டு செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சியால் விளையும் நலன்கள் சிலவற்றை இம்மாத்திரை குறைத்தமை காணப்பட்டது. இத்தாலியில் திராட்சை விளையும் கியாந்தி நாட்டு முதியோர் 783 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உணவின் வழி இப்பொருளை மிகுதியாகப் பெற்றோரும் குறைவாகப் பெற்றோரும் ஆயுளில் வேறுபட்டிலர். இதன் நலத்தைப் பற்றிப் பல கட்டுரை எழுதிய ஆய்வாளர் ஒருவர் 145 இடங்களில் புனைவும் திரிபும் செய்ததாக, அவர் பணியாற்றிய கனெக்டிகட் பல்கலைக்கழகமே 2012-இல் அறிவித்தது.

ஆராய்ச்சியை நாம் இகழ்வேம் அல்லேம். பொய்யைக் கண்டு களைந்ததும் ஆராய்ச்சியேயன்றோ? மேலும் ஆராய்க, நன்மை உண்டெனின் மெய்ப்பிக்க. ஆயின் கணக்கு முடியுமுன் விலை கேட்பதே தவறு. இத்தகைய உணவுப் பண்டங்களின் மேல் ‘மருந்துப் பயனுக்கன்று’ என்று குறித்தல் வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் கூறுகின்றன. சீசாவைத் திருப்பி அவ்வரியைப் படிப்பார் எத்துணையர்?

செல்வர்க்கு இது வீண்செலவு மட்டுமே. கழனியில் உழைத்துக் கூலி பெறுவார்க்கோ, அக்காசு பாலுக்கும் பருப்புக்கும் உரியது. சர்க்கரை நோயாளர் ஒருவர் இம்மாத்திரையை நம்பி மருத்துவர் தந்த மருந்தை விடுவாராயின், இழப்பது காசு மட்டுமன்று. நீரிழிவுக்கும் குருதிக்கொதிப்புக்கும் மெய்ப்பிக்கப்பட்ட மருந்துகளை வீடு தேடித் தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கப்பெற்றது. விலையின்றி வருவதை எளிதென எண்ணி, விலைகொடுத்து வாங்குவதை அரிதென மதித்தல் அறியாமை.

திராட்சை தின்னத்தக்க பழமே. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதனைப் பழமென்றே உண்போம். நம் பக்கத்துக் கொல்லையில் விளையும் வேர்க்கடலையிலும் ரெஸ்வெரட்ரால் சிறிதளவு உண்டு; அதற்காக எவரும் அதனை மருந்தென விற்றிலர்.

மாணவ நண்பர்காள்! நும் இல்லங்களில் ஆங்கில எழுத்துப் பொறித்த சீசாவைப் பெற்றோர் நும் கையில் தந்து, “இது நல்லதா?” என வினவுவர். அப்போது, “இது மனிதரிடத்துக் கணக்குக் காட்டிற்றா?” என்று நீவிர் கேட்டல் வேண்டும். காட்டாததன் பெயரைக் குடத்தில் இடற்க.