அடைக்கோழியும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளியின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு நடுவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். முதல் பரிசை அட்டைப்பெட்டியில் செய்த ஒரு முட்டை அடைகாப்பானுக்குக் கொடுத்தோம். உள்ளே 60 வாட் பல்பு, ஒரு வெப்பநிலைமானி, கிண்ணத்தில் தண்ணீர். 37.5 டிகிரி செல்சியஸ் என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு குஞ்சுகூடப் பொரித்ததில்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

பக்கத்து மேசையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாற்பது பக்க நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு நின்றாள். பாட்டி வீட்டுக் கோழிகளை மூன்று மாதம் கவனித்து எழுதியது. "மாடல் எங்கேம்மா?" என்று கேட்டேன். "மாடல் இல்லை சார், கோழிதான்" என்றாள். நாங்கள் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தோம். புறப்படும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸும் வரவில்லை. பொழுது போகட்டுமென்று அந்த நோட்டை வாங்கிப் படித்தேன். படித்த பிறகு அந்தச் சிரிப்பை நினைத்து வெட்கப்பட்டேன்.

பாட்டி மாலையில் நொய் இறைக்கும்போது எந்தக் கோழி எதைக் கொத்தி விரட்டுகிறது என்பதை அவள் அட்டவணையாகக் குறித்திருந்தாள். ஏழு கோழிகள். அப்படியானால் எத்தனை ஜோடிகள்? 7-ஐ 6-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்துப் பாருங்கள், 21. (முட்டை பொரிக்கும் நாட்களும் 21தான் என்பது தற்செயல். அதில் மர்மம் தேடாதீர்கள்.) 21 கட்டங்களையும் நிரப்பியிருந்தாள். முதலிடம் 'கறுப்பி' என்ற கோழிக்கு. ஓரிடத்தில் மட்டும் மூன்று முறை அழித்து எழுதிய கறை. வெள்ளை புள்ளியை விரட்டுகிறது, புள்ளி செவலையை விரட்டுகிறது, செவலையோ வெள்ளையை விரட்டுகிறது! தவறு தன்னுடையது என்று நினைத்து அழித்திருக்கிறாள். மூன்று முறையும் கோழிகள் அதையே செய்திருக்கின்றன.

அவள் செய்தது தவறே அல்ல. நார்வே நாட்டு ஷெல்டெரூப்-எபே என்பவர் சிறு வயதிலேயே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர். 'கொத்து வரிசை' என்ற கருத்தை 1920-களின் தொடக்கத்தில் அவர்தான் உலகுக்குத் தந்தார். இத்தகைய முக்கோணங்களையும் கண்டு எழுதினார். அவருக்கும் கருவி என்று இருந்தது கண்ணும் காகிதமும்தான்.

நோட்டின் அடுத்த பகுதி அடைக்கோழிகளைப் பற்றியது. கறுப்பியும், வரிசையில் ஆறாவதான சாம்பலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அடைக்கு உட்கார்ந்தன. பொரித்த முதல் வாரம் காக்கைக்கும் பருந்துக்கும் பயந்து பாட்டி பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். பிறகு தாயும் குஞ்சுகளும் மற்றக் கோழிகளோடு திறந்துவிடப்பட்டன. கறுப்பியின் குஞ்சுகள் இறைத்த நொய்யின் நடுவிலேயே நின்று தின்றன. யாரும் நெருங்கவில்லை. சாம்பலின் குஞ்சுகள் ஓரத்தில் சிதறியதைப் பொறுக்கின. சிறு குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. ஆகவே நொடிக்கொரு தரம் தாயின் இறக்கைக்குள் ஓடி வரும். தாய் நிற்கும் இடம்தான் அதன் மேய்ச்சல் எல்லை. தாய் ஓரத்தில் நின்றால் குஞ்சும் ஓரத்தில்தான்.

ஆனால் அவள் இன்னொன்றையும் குறித்திருந்தாள். வரிசையில் இரண்டாவதான கொண்டைக்காரி ஒரு நாள் குஞ்சுகளின் அருகே வந்தபோது சாம்பல் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து விரட்டியது. அதே சாம்பல், குஞ்சுகள் தள்ளி இருக்கும்போது, அதே கொண்டைக்காரிக்குப் பழையபடி வழிவிட்டது. எவ்வளவு தூரத்தில் இந்த மாற்றம்? ஒரு குச்சியை வைத்து அளந்திருக்கிறாள்: சுமார் இரண்டு அடி! நான் இயற்பியல் கற்பிப்பவன். இந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டுச் சற்று நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'முதன்மைக் கோழி' என்றால் ஏதோ எடையைப் போலக் கோழியோடு ஒட்டிய பண்பு என்றே நினைத்திருந்தேன். அது இரு கோழிகளுக்கு இடையில் உள்ள உறவு. இடத்துக்கு ஏற்ப மாறவும் கூடும்.

"இதெல்லாம் தாய்ப்பாசம், இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்றார் என்னுடன் வந்த நடுவர். பெயர் வைத்துவிட்டால் விளக்கிவிட்டதாக நினைப்பது நம் பழைய வழக்கம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் அப்படி நிறுத்திக்கொள்ளவில்லை. குஞ்சுகள் மீது லேசாகக் காற்றை ஊதி அவற்றைச் சங்கடப்படுத்தினால் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு என்ன ஆகிறது என்று அளந்தார்கள். தாயின் இதயத் துடிப்பு கூடியது; கண்ணின் வெப்பநிலை குறைந்தது. அந்த வெப்பநிலையைக் கோழியைத் தொடாமலே அகச்சிவப்புக் கேமராவால் அளந்தார்கள். 2011-இல் இந்த முடிவை வெளியிட்டார்கள். இயற்பியல் எங்கே என்று கேட்பவர்களுக்கு இதோ இருக்கிறது.

நோட்டின் கடைசிப் பக்கம் ஒன்பதாவது வாரத்தைச் சேர்ந்தது. கறுப்பி தன் குஞ்சுகளையே கொத்தி விரட்டத் தொடங்கிவிட்டது. கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்பார்கள். கொத்துவதைப் பற்றிப் பழமொழி எதுவும் சொல்லவில்லை. விலக்கப்பட்ட குஞ்சுகள் ஏழு கோழிகளுக்கும் கீழே போய் நின்றன. நடுவில் நின்று தின்ற நாட்கள் தாயோடு போயின. இது ஒரு கொல்லையின் கணக்குதான், இதிலிருந்து விதி செய்ய முடியாது. அதையும் அவளே எழுதியிருந்தாள்: "வேறு வீடுகளிலும் பார்க்க வேண்டும்."

அடைகாப்பான் செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. இரண்டு மணிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து, முட்டைகள் ஏன் பொரிக்கவில்லை என்றும் எழுதியிருந்தால் அந்தப் பரிசு அவர்களுக்கே தகும். குறை எங்களுடையது. பல்பு எரிந்தால்தான் விஞ்ஞானம் என்று நடுவர்களே நினைத்தால், நீங்களும் கடையில் மாடல் வாங்கித்தான் வருவீர்கள். இப்போதெல்லாம் எந்த மேசைக்குப் போனாலும் நோட்டைத்தான் முதலில் கேட்கிறேன். சில பள்ளிகளில் இதற்காக என் மேல் வருத்தம்.

என் வீட்டுக் கொல்லையில் ஐந்து கோழிகள், பத்து ஜோடிகள். வரிசையில் நான்காவதாக நிற்கும் செவலை போன வெள்ளிக்கிழமை ஒன்பது முட்டைகள் மேல் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டும், இரண்டடிக் குச்சி ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறேன்.