முள் பச்சையில் நின்றால் போதுமா? ரேஸ் கார் சொல்லும் பாடம்

பனமரத்துப்பட்டி,

பிள்ளையை பள்ளி வேனில் ஏற்றும் பெற்றோர் டிரைவர் எப்படி, பிரேக் எப்படி என்று விசாரிப்பார்கள். சீட் பக்கத்தில் தொங்கும் சிவப்பு சிலிண்டரை யாரும் எட்டிப் பார்ப்பது கிடையாது.

கார் பந்தயத்தில் கதையே வேறு. சர்வதேச அமைப்பான எப்.ஐ.ஏ. விதிப்படி, ரேஸ் காரில் உள்ள தீயணைப்பு கருவியை 2 ஆண்டுக்குள் ஒருமுறை கட்டாயம் சோதிக்க வேண்டும்.

2020 நவம்பர் 29-ந்தேதி பக்ரைன் பார்முலா-1 பந்தயத்தில் பிரான்ஸ் வீரர் ரோமன் குரோஷானின் கார் தடுப்பில் மோதி இரண்டாகி தீப்பிடித்தது. சுமார் 28 வினாடி நெருப்புக்குள் இருந்தவர் உயிரோடு வெளியே வந்தார். தீ தாங்கும் உடையும், ஓடிவந்து தீயணைப்பு கருவியை பீய்ச்சிய குழுவும் கைகொடுத்தன.

உள்ளூர் வேனுக்கும் சட்டம் உண்டு. தமிழக அரசின் 2012-ம் ஆண்டு பள்ளி வாகன சிறப்பு விதிகளின்படி தீயணைப்பு கருவி கட்டாயம். ஆர்.டி.ஓ. சோதனையும் நடக்கிறது. ஆனால் மாட்டியதோடு மறந்து விடுவதுதான் கோளாறு.

வண்டி குலுங்க குலுங்க பவுடர் அடியில் இறுகி கட்டி தட்டிவிடும். முள் பச்சையில் நின்றால் உள்ளே அழுத்தம் இருக்குன்னுதான் அர்த்தம். பவுடர் பாயும்னு அர்த்தம் இல்லை.

இந்திய தர விதிப்படி பவுடர் சிலிண்டரின் ஆயுளே 10 ஆண்டுதான். அதன்பிறகு ரீபில் செய்து ஓட்டுவது ஏமாற்று வேலை.

வேன் வாசலில் நிற்கும்போது லேபிளில் தேதியை பாருங்க. அழிந்து போயிருந்தால் டிரைவர்கிட்ட கேளுங்க. கேட்பதற்கு காசு இல்லை.