மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும்

"இப்போது என்ன படிக்கிறீர்கள்?" "பேரப்பிள்ளைகள் தமிழ் கற்க இணையத்தில் என்ன இருக்கிறது?" ஓய்வு பெற்ற தமிழாசிரியரைப் பார்த்தால் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் இவை இரண்டும்தான். இரண்டுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

படித்துக்கொண்டிருப்பது உ.வே.சா.வின் 'என் சரித்திரம்', மூன்றாம் முறையாக. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற நூல். கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவரைக் கேட்டது 1880இல். அந்நூல் அச்சேறியது 1887இல். இடையில் எத்தனை உழைப்பு! ஏடு தேடி அலைந்து, ஒரு பிரதியை மற்றொன்றோடு ஒப்பிட்டு, பிழையான பாடங்களைக் களைந்து... இந்த முறை படிக்கும்போது அந்தப் பகுதியைத் தாண்டவே மனம் வரவில்லை.

இனி இணையம். பழைய நூல்களுக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். முழுக்கத் தன்னார்வலர்களின் உழைப்பு. சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்தப் பேரகராதியை இன்று சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். மொழிபெயர்ப்புச் செயலி ஒரு பொருளைச் சொல்லி அனுப்பிவிடும். லெக்சிகனோ பல பொருளையும், அச்சொல் எந்த நூலில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதி. பாட்டு, கதை எல்லாம் ஒலியோடு உண்டு. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம்.

இவற்றோடு விக்கிமூலத்தையும் சேர்க்கிறேன். அது படிப்பதற்கு மட்டுமல்ல, நாம் வேலை செய்வதற்கும் உரிய இடம். ஒரு பக்கம் பழைய நூலின் படம், பக்கத்திலேயே கணினி அதைப் படித்துத் தந்த எழுத்து. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் கணினி தடுமாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், துதிக்கை போல் கொம்பு வளைந்த லை, னை வந்தால் இன்னும் திணறும். மனிதர் ஒருவர் ஒப்பிட்டுத் திருத்தினால் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். மஞ்சளுக்கே வராமல் கிடக்கும் பக்கங்கள் ஏராளம்.

அந்தப் பழைய லையைப் பார்த்தவுடன் படிக்கிறவர்கள் யார்? நாம்தான். எங்கே ஒற்று மிகும், எங்கே சந்தி பிரியும் என்று தயங்காமல் சொல்லக்கூடியவர்களும் நாம்தான். நமக்குப் பின் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கடினம். ஆகவே, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாளுக்கு ஒரு பக்கமாவது மெய்ப்புப் பார்ப்பதைக் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கண் மங்குகிறது என்பீர்கள். திரையில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். உ.வே.சா. ஏட்டுச்சுவடிகளைப் பார்த்த காலத்தில் அந்த வசதி இல்லை.

இளையவர்கள் தமிழ் படிப்பதில்லை என்று நாம் கூடும்போதெல்லாம் குறைப்படுகிறோம். படிக்க வரும் ஒரு பிள்ளைக்குப் பிழை மலிந்த பக்கம் கிடைத்தால் அது மறுபடி வருமா? இன்று ஒரு பக்கத்தைத் திறந்து திருத்திப் பாருங்கள். கணினி புரியாவிட்டால் பேரனையோ பேத்தியையோ அருகில் உட்காரச் சொல்லுங்கள். அந்த அரை மணியில் அவர்களும் கொஞ்சம் தமிழ் படித்துவிடுவார்கள்.