சடவும் மனச்சோர்வும்

தாராவியில் வாழும் தமிழருள் மிகப் பலர், தோல் பதனிடும் தொழிலையும் பிற கூலி வேலைகளையும் நாடித் திருநெல்வேலிச் சீமையினின்று வந்த குடும்பத்தினர். அச்சீமையின் பேச்சில் ‘சடவு’ என்றொரு சொல் வழங்குகிறது. உடல் அயர்ச்சியையும், கை கால் ஓய்ந்து எதிலும் நாட்டமற்றிருக்கும் நிலையையும் அது ஒருங்கே குறிக்கும். அகராதி பார்த்து மொழிபெயர்க்கும் என் போன்றோர் இச்சொல்லை எளிதில் மறந்துவிடுகிறோம்.

மனச்சோர்வு நோயைக் கண்டறிய உலகெங்கும் வழங்கும் ஒன்பது வினாக்கள் கொண்ட படிவத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழாக்க நேர்ந்தது. ‘கடந்த இரு வாரங்களில் மனச்சோர்வோ நம்பிக்கையின்மையோ உற்றீர்களா?’ என்று எழுதினேன். இலக்கணப் பிழை ஏதுமில்லை. அதை எடுத்துச் சென்ற சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் திரும்பி வந்து, “சார், எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. எத்தனை நாளா சடவா இருக்குன்னு கேட்டா மட்டும் அழுதுடறாங்க” என்றார். அன்று நான் கற்றதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றதில்லை.

இந்நோய் வெறும் துயரமன்று. எதிலும் மகிழ்ச்சியின்மையோ தாழ்ந்த மனநிலையோ இரு வாரங்களுக்குக் குறையாமல் நாள்தோறும் பெரும்பொழுது நீடிப்பதும், அதனுடன் உறக்கம் கெடுதல், பசி மாறுதல், சிந்தை ஒருமுகப்படாமை, தன்னைத்தானே பழித்துக்கொள்ளுதல், சாவைப் பற்றிய எண்ணம் முதலியவற்றுள் சில சேர்ந்து வருவதும் இதன் அடையாளங்களாம். 2015–16இல் 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியரில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவதாகத் தெரிவிக்கிறது. அவருள் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை.

‘பத்தடி அறையில் ஆறு பேர் கடனோடு வாழ்ந்தால் மனம் சோராமல் என்ன செய்யும்? அதற்கு மருந்து எதற்கு?’ என்று படித்தவர்களே கேட்கின்றனர். நான் வசிக்கும் செம்பூரிலும் மாதுங்காவிலும் கடன் குறைவு, அறைகள் அதிகம். எனினும் அங்கும் இந்நோய் உண்டு; பெண்ணின் கல்யாணம் தடைப்படுமென்று கதவை மூடிக்கொண்டு மறைக்கிறோம், அவ்வளவே. மேலும் காசநோயும் வறுமையிலும் நெரிசலிலும் தழைப்பதுதான். ஆகவே அதற்கு மருந்து வேண்டாமென்று எவரும் வாதிடுவதில்லை.

காசநோயைக் குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1952இல் நியூயார்க் நகரின் சீ வியூ மருத்துவமனையில் ஐசோனியாசிட், ஐப்ரோனியாசிட் என்னும் இரு புதிய மருந்துகளைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்தபோது, நெடுங்காலம் படுக்கையில் கிடந்தோர் எதிர்பாராத உற்சாகங்கொண்டு கூடங்களில் ஆடினர். அதைக் கண்டு ஆராய்ந்ததன் பயனாக 1957 முதல் ஐப்ரோனியாசிட் மனச்சோர்வுக்கு வழங்கப்பெற்றது. கல்லீரலுக்குத் தீங்கு செய்தமையால் அது பின்னர் கைவிடப்பட்டது. ஐசோனியாசிட் இன்றும் காசநோய்ச் சிகிச்சையில் நிலைத்திருக்கிறது. தாராவியில் இவ்விரு நோய்களும் ஒரே உடலில் சேர்ந்திருக்கக் காண்பது அரிதன்று. மனம் சோர்ந்தவர் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஒன்றைக் கவனியாது மற்றதைக் குணப்படுத்தல் கடினம். களப்பணியாளர் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும்: மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட், மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றுடன் சேர்ந்தால் ஆபத்து விளையக்கூடும். நோயாளி உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் டாக்டரிடம் காட்டச் செய்க.

இன்று பெரிதும் பயன்படும் ஃபுளுவோக்செட்டின், எஸ்சிட்டலோபிராம் முதலியவை விலை மிகுந்தவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்திலேயே குமட்டல் தோன்ற, பயனோ தெரியாதிருக்க, பலர் விட்டுவிடுவது அப்போதுதான். குணமடைந்த பின்னும் ஆறு மாதங்களாவது தொடர வேண்டும், திடீரென நிறுத்தலாகாது. இளைஞருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகுகிறதா என்று விழிப்புடன் கவனித்தல் அவசியம். நோய் இலேசானதாயின் மருந்தின்றிப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாகலாம்.

அச்சிகிச்சைக்கு நிபுணரே வேண்டுமென்பதில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடைபெற்று 2017இல் வெளியான ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நோயாளியைச் சிறுசிறு அன்றாடச் செயல்களுக்குத் திரும்பச் செய்தனர். மூன்று மாதங்களில் அவர்களிடம் வந்தோருள் 64 சதவீதத்தினர் நோயினின்று மீண்டனர். வழக்கமான கவனிப்பைச் சற்றே மேம்படுத்தி அளிக்கப்பெற்றோருள் 39 சதவீதத்தினரே மீண்டனர். நம் களப்பணியாளரிடம் இத்தகைய பயிற்சியை ஒப்படைக்கத் தயங்குவது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. அவர்களுக்கு மேலும் ஒரு பதிவேட்டைக் கொடுக்க மட்டும் நாம் தயங்குவதில்லை!

தமிழ் வழி மாநகராட்சிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளிடம் இந்நோய் அழுகையாகத் தோன்றாமல் சிடுசிடுப்பாகவும், வயிற்றுவலியாகவும், பாடத்தில் திடீர்ச் சரிவாகவும் தோன்றலாம். அதைத் திமிர் என்று கருதித் தண்டிப்பது பெரும்பிழை.

சாக வேண்டுமென்று தோன்றுகிறதா என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். அது ஆதாரமற்ற அச்சம். பக்குவமாக, நேராகக் கேட்கலாம். ஆம் என்பாரை ஒரு கணமும் தனியே விடாது, தாராவிக்கு அடுத்த சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனைக்கு உடன் சென்று சேர்க்க. இரவாயினும் பகலாயினும், 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம். சடவு என்றே தொடங்கலாம்.