மணம் ஏற்றினால் கசிப்பு கலையாகிவிடுமா?

வீட்டிலேயே ஜின் வடித்து, அதற்கு ஹொப்ஸ் மணம் ஏற்றுவது பற்றிப் புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர் ஆர்வத்தோடு பேசக் கேட்கிறேன். பியருக்குக் கசப்பையும் வாசத்தையும் தரும் கொடியின் பூ ஹொப்ஸ். கொதிக்க வைத்தால் கசப்பு மேலோங்கும். குளிர்ந்த ஜின்னில் ஊறவைத்தால் எலுமிச்சைத் தோலும் பைன் பிசினும் கலந்தாற்போன்ற வாசம் இறங்கும். சில கிராம் போதும். அதிக நேரம் ஊறினால் புல் வாடை அடிக்கும். கடையில் வாங்கிய போத்தலில் இதைச் செய்பவரோடு எனக்கு வழக்கேதும் இல்லை. உரிமமின்றி அடுப்பேற்றி வடிப்பதைக் 'கைவினை' என்று கொண்டாடும் மனப்பாங்கோடுதான் என் வழக்கு.

ஏனெனில், இதே வேலைக்குச் சப்ரகமுவத் தோட்டங்களில் வேறு பெயர் உண்டு: கசிப்பு. சீனி, ஈஸ்ட், தண்ணீர், பீப்பாய், குழாய், அடுப்பு. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலை மலைகளுக்கும் இறப்பர்க் காடுகளுக்கும் இடையே ஓடும் ஓடைக்கரைகளில் நடப்பதும் இதே வடித்தல்தான். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இரண்டுமே குற்றம். ஆனால், பீப்பாய்களோடு தலைகுனிந்து நிற்கும் தோட்டத் தொழிலாளியின் படத்தை என் பத்திரிகை வாழ்வில் எண்ணற்ற முறை பார்த்துவிட்டேன். கொழும்பு மாடிவீட்டுச் சமையலறையில் கைப்பற்றப்பட்ட பளபளக்கும் செப்பு வாலையின் படத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒருவருக்கு விலங்கு, மற்றவருக்கு விருந்தினர் பாராட்டு. இதுதான் நியாயமா?

ஜின் ஒன்றும் பிறவிக் கனவான் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் ஏழைகளின் கசிப்பாக இருந்தது அதுவே. ஜூனிப்பர் காய்க்குச் செலவிட மனமில்லாத வடிப்போர் மணத்துக்காக டர்பன்டைன் கலந்தார்கள். 1736இல் பாராளுமன்றம் ஆண்டுக்கு 50 பவுண் உரிமக் கட்டணம் விதித்தது. உரிமம் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வியாபாரம் ஒளிவிடத்துக்குப் போயிற்று, காட்டிக்கொடுத்தவர்கள் தெருவில் அடிபட்டார்கள், 1743இல் அச்சட்டமே கைவிடப்பட்டது. எட்டாத விலையும் வேட்டையும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடப் பழைய பாடம் வேண்டுமா?

அந்தப் பாடம் நம் மலைகளுக்கு அப்படியே பொருந்தும். நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. 2024இல் அது 1,350. இரண்டு நாள் சம்பளத்தைச் சேர்த்தாலும் அன்று ஒரு முழுப் போத்தல் சாராயம் வாங்க முடியவில்லை. அரசு மதுவரியை உயர்த்தியபடியே இருந்தது. தவறணை எட்டாக்கனியானபோது லயத்துக்குப் பின்னால் கசிப்புப் பீப்பாய் பெருகியதில் வியப்பென்ன? குடிப்பவன் ஆண், அதற்கான கடனைக் கொழுந்துக் கூடையில் சுமப்பவள் அவன் மனைவி.

"அப்படியானால் மணமும் தரமுமாக வீட்டில் வடிக்கக் கற்றுக்கொடுக்கலாமே" என்பார்கள். ஐயா, மணம் எதையும் சுத்திகரிப்பதில்லை. சீனிக் கரைசலில் மெத்தனால் மிகச் சொற்பமே உண்டாகும். கூட்டம் கூட்டமாக உயிர் குடிப்பது பேராசைக்காரர் கலக்கும் தொழிற்சாலை மெத்தனால். அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. வாசத்தால் அதை நல்ல மதுசாரத்திலிருந்து பிரித்தறிய இயலாது. ஹொப்ஸோ ஏலக்காயோ சேர்த்தால் எஞ்சிய ஐயமும் மறைந்துபோகும். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிட்டீர்களா?

மணம்தான் வேண்டுமென்றால், நேர்வழியும் உண்டு. ஹொப்ஸ் கொடி பூக்க நீண்ட கோடைப் பகல் வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய சப்ரகமுவவில் அது கிடையாது. ஆனால் கறுவா, கராம்பு, சாதிக்காய், ஏலம் எல்லாம் அங்கே விளைகின்றன. ரொக்லண்ட் நிறுவனம் கறுவா, இஞ்சி, மல்லி, கறிவேப்பிலை சேர்த்து 'கொழும்பு இலக்கம் 7' என்ற ஜின்னை வடிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி தடைப்பட்ட காலத்துச் செய்முறையின் வழி வந்தது அது என்கிறார்கள். உரிமத்தோடும் சோதனையோடும் வரியோடும் அது நடக்கிறது. அந்த ஜின்னைக் குடிப்பவரை எவரும் ஒழுக்கங்கெட்டவர் என்று ஏசுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கசிப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது குடும்பங்களைக் குலைக்கும் நஞ்சு. ஆனால், பீப்பாய் சுமக்கும் கூலியைப் பிடித்துத் தண்டம் விதித்துவிட்டு, சீனி மூட்டைக்கு முதல் போட்டவனை விட்டுவிடும் வேட்டையால் அந்த நஞ்சு வற்றாது. முதலாளியைப் பிடியுங்கள். குடிநோயாளிக்குத் தோட்ட மருத்துவமனையிலேயே சிகிச்சை கொடுங்கள். வாழத்தக்க சம்பளமும் சொந்தக் காணியும் கொடுங்கள். இவை மூன்றும் நடக்கும்வரை, உரிமமின்றி வடிக்கும் கனவான்கள் தங்கள் வாசனை ஜின்னைக் கலை என்று அழைக்கும் உரிமையைக் கொஞ்சம் ஒத்திவைக்கட்டும். சட்டப் புத்தகத்தில் அதன் பெயரும் கசிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.