திக்கித் திணறும் பிள்ளைக்குப் பிரம்பா?

“கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜ்ரத்” என்று சொல்லிப் பிள்ளையை மக்தபில் ஒப்படைக்கும் தந்தையர் நம் சங்கரன்கோவிலில் இன்றும் இருக்கின்றனர். ஆசிரியருக்கு அளிக்கும் மரியாதை என்றே அதனை அவர்கள் கருதுகின்றனர். ஓதிக்கொடுக்கும் பணியில் உள்ள நாம் அந்த மரியாதையை ஏற்க மறுக்கிறோம்.

பிரம்புக்கு வக்காலத்து வாங்குவோர் முதலில் நீட்டுவது, தொழாத பிள்ளையைப் பத்து வயதில் அடிக்கச் சொல்லும் நபிமொழியை. அபூதாவூதில் உள்ள அதனை முழுமையாகப் படியுங்கள். ஏழு வயதில் தொழுமாறு ஏவச் சொல்கிறது. அதன்பின் மூன்று ஆண்டுகள் சொல்லிச் சொல்லிப் பழக்க இடம் தருகிறது. அந்த அடியும் காயப்படுத்தாத அடியாக இருக்கவேண்டும் என்றே மார்க்க அறிஞர்கள் விளக்கினர். பேச்சு தொழுகையைப் பற்றியது; பெற்றோரிடம் சொல்லப்பட்டது. ‘ஸாத்’ வரவேண்டிய இடத்தில் ‘ஸீன்’ என்று ஓதிய ஐந்து வயதுக் குழந்தையின் உள்ளங்கையைச் சிவக்க வைக்க இதில் ஆதாரம் எங்கே இருக்கிறது?

தமிழ் பேசி வளர்ந்த நாவுக்கு ‘ஐன்’ புதிது, ‘ளாத்’ புதிது. ‘ஸே’, ‘ஸீன்’, ‘ஸாத்’ மூன்றும் அப்பிள்ளையின் காதில் ஒரே ஓசை. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு, மக்ரிபுக்குப் பின் கண் சொக்க வந்து அமர்கிறான். நாற்பது பேர் ஒரே குரலில் முழங்கும்போது, பின்தங்கியவன் வாயை மட்டும் அசைத்துத் தப்பித்துக்கொள்வான். தனியே அழைத்துக் கேட்கும்போதுதான் அவன் நிலை வெளிப்படும். அந்நேரத்தில் பிரம்பு ஓங்கி நின்றால் தெரிந்த எழுத்தும் மறந்துபோகும். நாவின் பக்கவாட்டை மேல் கடைவாய்ப் பற்களில் பொருத்தி ‘ளாத்’ எப்படிப் பிறக்கிறது என்று தம் வாயைத் திறந்து காட்டும் உஸ்தாதிடம், அதே பிள்ளை ஒரு வாரத்தில் சொல்லிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ளனர். அல்லாஹ் இரு கூலி வழங்குகிறான். நாமோ இரண்டு அடி கொடுக்கிறோம்!

அடி வாங்கியவர்கள்தாம் உயர்ந்தார்கள் என்று அப்துல் கலாம் அவர்களைச் சாட்சிக்கு அழைப்போரும் உண்டு. கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயரிடம் பிரம்படி பட்டதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவர் சொல்வது உண்மையே. ஆனால் அந்த அடி, கணக்குத் தெரியாததற்காக அன்று. வேறொரு வகுப்பறைக்குள் தவறி நுழைந்ததற்காக. பாடம் புரியாமற்போன நாள் வேறு. இராமேசுவரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். புரியவில்லை என்றார் சிறுவர் கலாம். மற்ற மாணவர் பலரும் அவ்வாறே சொன்னார்கள். ஆசிரியர் சினக்கவில்லை. வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளைக் காட்டி விளக்கினார். தம் வாழ்வின் இலக்கு அங்கே பிறந்ததாகக் கலாம் பிற்காலத்தில் பலமுறை கூறினார். நம் மக்தபுகளில் எத்தனை பிள்ளைகள் அச்சமின்றி எழுந்து ‘புரியவில்லை’ என்று சொல்லமுடியும்?

கண்டிப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விளையாட்டில் பாடத்தை விட்டவனை இருத்திவைத்து ஓதவைக்கலாம். சோம்பல் வேறு, இயலாமை வேறு. சிலருக்குத் தேவை மூக்குக் கண்ணாடியாக இருக்கும். அதைக்கூடக் கவனிக்காமல் அடிப்பவரை ஆசிரியர் என்று எப்படி அழைப்பது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், குழந்தைகளுக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் தருவதைத் தடைசெய்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மத்ரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்திலிருந்து விலக்கியது. இதனை அடிப்பதற்கான அனுமதியாகச் சிலர் எடுத்துக்கொண்டது வெட்கக்கேடு. சட்டம் விலகி நின்றால் மறுமையின் கேள்விக்கணக்கும் விலகி நிற்குமா?

பழியை உஸ்தாதின் தலையில் மட்டும் சுமத்துவதும் நியாயமன்று. நாற்பது பிள்ளைகளுக்கு ஒருவரை, சொற்ப ஊதியத்தில் அமர்த்திவிட்டு, ஆண்டுவிழா மேடையில் அழகாக ஓதும் நான்கு பேரைக் கொண்டு மக்தபை மதிப்பிடும் ஜமாஅத்துகளையும் கேட்கிறோம்: வருகைப் பதிவேட்டைத் திறந்து, பாதியில் நின்றுபோனவர்கள் யார், ஏன் நின்றார்கள் என்று எந்த நிர்வாகக் கூட்டத்திலாவது விசாரித்ததுண்டா? அப்பிள்ளைகளின் வீடுகளுக்கு எவரேனும் சென்றதுண்டா?