காருக்குள் தண்ணீர்... காபி மூட்டை பத்திரம்!

‘‘மழைக்காலத்தில் எங்கள் காருக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. பின்னால் ஏற்றும் காபி, மிளகு மூட்டைகளின் அடிப்பக்கம் ஈரமாகிறது. கதவு ரப்பரை மாற்றியும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?’’

- வாசகர், வத்தல்மலை.

காபி அறுவடை தொடங்கும்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருப்பதில்லை. களத்தில் 10, 11 சதவிகித ஈரப்பதத்துக்குக் காயவைத்த கொட்டை, ஈரத்தில் கிடந்தால் மறுபடியும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும், வாடை ஏறும், விலை போகாது. ‘ஓக்ராடாக்சின்’ என்ற நச்சை உண்டாக்கும் பூஞ்சணமும் சரியாகக் காயாத காபியில்தான் வளர்கிறது. அதனால், இதை மெக்கானிக் பாடு என்று விட்டுவிட முடியாது.

முதலில், உள்ளே இருப்பது எந்தத் தண்ணீர் என்று தெரிய வேண்டும். மழையே இல்லாத நாளில், ஏ.சி போட்டதும் முன்பக்கக் காலடி நனைகிறதா? வண்டிக்கு அடியில் வழக்கமாகச் சொட்டும் தண்ணீரையும் காணோமா? அப்படியானால் ஏ.சி-யின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. தண்ணீர் பிசுபிசுப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாடையோடு இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட். இதை நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. பெரும்பாலான கூலன்ட்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். துடைத்த துணியைக்கூட நாய், ஆடு நக்கும் இடத்தில் போடக்கூடாது. இந்த வேலையை மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு மட்டும் நனைந்தால் அது மழைத்தண்ணீர். இதில் பலரும் ஏமாறுவது, நனைந்த இடத்தையே ஓட்டை என்று நினைப்பதில்தான். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே தூக்கி நிற்கும். முன்கண்ணாடிக்குக் கீழே புகுந்த தண்ணீர், கார்ப்பெட்டுக்கு அடியிலேயே ஓடிப் பின்சீட்டுக் காலடியில் வந்து நிற்கும்.

சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் முதல் சந்தேகம், வைப்பருக்குக் கீழே இருக்கும் வாய்க்கால்மீதுதான். பானெட்டைத் திறந்து பார்த்தால் சருகு மக்கி, எருவாகவே கிடக்கும். ஓரங்களில் உள்ள வடிதுளைகள் அடைத்துக்கொண்டால், தேங்கும் தண்ணீர் காற்று புகும் வழியாக உள்ளே இறங்கிவிடும். சருகைக் கையால் அள்ளிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால், தேங்காமல் வண்டிக்குக் கீழே வடிய வேண்டும். ரப்பரை மாற்றுவதற்கு முன்பு பார்க்க வேண்டியது இதைத்தான்.

கதவுக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கதவின் அடியிலுள்ள துளைகளில் வெளியேற வேண்டும். சேறு அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடலாம். ஸ்பீக்கர் மாட்டும்போது உள்பக்க பிளாஸ்டிக் தாளைக் கிழித்திருந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். டிக்கியில் பின்விளக்கின் ரப்பர், மேலே கேரியர் மாட்டிய போல்ட் துளைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியைத் தூக்கினால் அதன் குழியில் குளமே இருக்கலாம்.

அப்படியும் தெரியவில்லையா? இரண்டு பேர் வேண்டும். உள்ளே துடைத்துக் காயவைத்து, செய்தித்தாள் விரித்து, டார்ச்சோடு ஒருவர் உட்கார வேண்டும். மற்றவர் ஹோஸில் மெதுவாக, கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும். மேலே தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எதுவும் புரியாது. வாட்டர் வாஷ் கடையின் பிரஷரும் வேண்டாம். மழையில் கசியாத இடத்தையும் அது கசிய வைக்கும். ஓட்டை தெரிந்த பிறகே சீலன்ட் பூச வேண்டும், அதுவும் துடைத்துக் காயவைத்த இடத்தில். கண்ட இடமெல்லாம் பூசினால் வடிதுளையும் அடைபட்டுப் போகும்.

அடைத்ததோடு வேலை முடியாது. கார்ப்பெட்டுக்குக் கீழுள்ள பஞ்சு நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்தால், ஈரம் இன்னும் போகவில்லை என்று சந்தேகப்படலாம். கார்ப்பெட்டைத் தூக்கி, கதவுகளைத் திறந்துபோட்டு வெயிலில் காயவிட வேண்டும். சீட்டுக்கு அடியில் தெரியும் மஞ்சள் நிற ஒயர் இணைப்புகளை மட்டும் தொடக்கூடாது, அவை ஏர்பேக்குடையவை.

கசிவு நிற்கும்வரை, மூட்டையைச் சட்டப் பலகை மேல்தான் ஏற்ற வேண்டும். தரையில் தார்ப்பாய் மட்டும் விரித்தால், மேலிருந்து சொட்டும் தண்ணீர் அதிலேயே தேங்கிச் சாக்கை நனைக்கும். ஏற்கெனவே அடி நனைந்த மூட்டையை மற்றவற்றோடு கலக்காமல், பிரித்துத் தனியாகக் கொட்டி மறுபடியும் காயவைக்க வேண்டும். அதில் பூஞ்சணம் பிடித்த கொட்டைகள் இருந்தால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.